கம்பியண்ணன் அறுத்த சேறு

என் தம்பிக்கு வேலை சேறு அறுக்கறது. சிரிக்காதீங்க. நானும் முதல்ல சிரிச்சவதான். ஒரு ஆம்பளை காலையில குளிச்சு, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டுப் போய், நாள் முழுக்க சேறு அறுத்துட்டு வர்றான்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது? அது உலகத்தோட கோடியில இருக்கற பனிக்கடலோட அடிச்சேறு, கப்பல்ல போய் நீளக் குழாயை இறக்கி எடுத்துட்டு வர்றாங்க, படிச்சவங்க அதை வச்சு ஆராய்ச்சி பண்றாங்கன்னு அவன் விளக்கினப்புறம்தான் சிரிப்பு நின்னுச்சு. அப்புறம் பெருமை வந்துச்சு. அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்துச்சு.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில ரெண்டு மிஷின், ஒரு வெட்டுற மேஜை, ஒரு கண்ணாடி. அம்மா போனப்போ எனக்குப் பதினேழு, தம்பிக்கு ஒன்பது. அப்பா இருந்தார், ஆனா இருந்தும் இல்லாத மாதிரி. அதனால அவனை வளர்த்தது நான். எப்படி வளர்த்தேன்? தையல்காரி எப்படி வளர்ப்பாளோ அப்படி. துணியில ஒரு நூல் வெளியில நீட்டிக்கிட்டு நின்னா எனக்குச் சோறு இறங்காது. அவன் நோட்டுல ஒரு அடித்தல் இருந்தா முட்டியில ஸ்கேலால ஒண்ணு வைப்பேன். பக்கத்தைக் கிழிச்சுட்டு மறுபடி எழுதச் சொல்வேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்வாங்க இல்ல, அந்தத் தொட்டிலை ஆட்டினவ நான்தான். இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் அவனை மட்டும் திட்டாதீங்க.

பையன் வளர்ந்தான், சுத்தமும் கூடவே வளர்ந்துச்சு. கல்யாணப் பேச்சு ரெண்டு தடவை வந்துச்சு. ஒரு வீட்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே எழுந்து போய் சுவர்ல கோணலாத் தொங்கின காலண்டரை நேராக்கிட்டு வந்து உட்கார்ந்தான். பொண்ணோட அம்மா முகம் போன போக்கை நான் பார்த்தேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. இன்னொரு இடத்துல என்ன பண்ணினான்னு கேட்காதீங்க, எனக்கே சொல்ல ஒரு மாதிரியா இருக்கு.

அந்தச் சேத்தை வச்சிருக்கற ஆய்வுக்கூடத்துல அவன் முதல்ல குழாய் தூக்கற ஆளாத்தான் சேர்ந்தான். கட்டடத்தோட கீழ்த்தளத்துல ஒரு குளிர் அறை. பெரிய ஃபிரிட்ஜுக்குள்ள நடந்து போற மாதிரி இருக்கும்னு சொல்வான். கூரை வரைக்கும் தட்டு, தட்டு முழுக்க பிளாஸ்டிக் குழாய், குழாய்க்குள்ள சேறு. ஒவ்வொண்ணுலயும் எந்தக் கடல், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் மேலே, எல்லாம் எழுதியிருக்கும். மேலே இருக்கறது நேத்து விழுந்த மண்ணு, கீழே போகப் போக ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி விழுந்தது. குளிர் அறைக்குப் பக்கத்துல ஒரு ஈர அறை. நீள இரும்பு மேஜை, குழாயடி, தண்ணி போற சாக்கடை வாய். அங்கேதான் அறுக்கறது.

எப்படின்னா, குழாயோட பிளாஸ்டிக்கை மட்டும் ரெண்டு பக்கமும் ரம்பத்தால நீளவாக்குல கீறுவாங்க. அப்புறம் ஒரு மெல்லிசு இரும்புக் கம்பியை ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் சேத்துக்குள்ள ஓட்டுவாங்க. சேறு ரெண்டு பாதியாப் பிரியும். ஒரு பாதியில ஆராய்ச்சிக்காரங்க கை வச்சு மண்ணெடுப்பாங்க. இன்னொரு பாதியை யாரும் தொடக் கூடாது, பின்னாடி சந்தேகம் வந்தா பார்க்கறதுக்காக அப்படியே மூடி வச்சுடுவாங்க. தொடாப் பாதின்னு பேரு. ரெண்டு பாதியோட முகத்தையும் கண்ணாடித் தகட்டால மெல்ல வழிச்சு ஃபோட்டோ எடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம். இதுல என் தம்பி கை வச்சான்னா கையைக் கும்பிடணும்னு எல்லாரும் சொன்னாங்க. பேரே மாறிப் போச்சு. டைரக்டர்லேருந்து வாட்ச்மேன் வரைக்கும் கம்பியண்ணன்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவனுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தாங்க. சேத்துல கல் இருந்தா கம்பி அதுல மாட்டும், இழுத்தா கல்லும் சேர்ந்து வரும், சேத்து முகத்துல கோரமாக் கீறல் விழும். விழட்டும், கல்லை இருக்கற இடத்துலயே விடு, அசிங்கமா இருந்தா இருக்கட்டும்னு சொன்னாங்க. அவனும் அப்படித்தான் செஞ்சுக்கிட்டு இருந்தான். ஒரு நாள் வெளியிலேருந்து யாரோ பெரிய மனுஷங்க வந்து பார்த்தாங்க. ஒரு குழாயில கல் இழுத்த கீறல். டைரக்டர் விளையாட்டா, "என்னப்பா, கோழி கிளறின மாதிரி இருக்கு"ன்னாராம். அவர் சொன்னதை அவரே மறந்திருப்பார். இவன் வீட்டுக்கு வந்து சாப்பிடல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாலு பேர் பார்க்கற பொருளை அப்படியா வைப்பாங்க?"ன்னு கேட்டேன். எனக்கு அந்தக் கல்லைப் பத்தியும் தெரியாது, கடலைப் பத்தியும் தெரியாது. வாய் மட்டும் இருந்துச்சு.

அதுக்கப்புறம் அவன் கல்லைப் பிடுங்க ஆரம்பிச்சான். எல்லாக் கல்லையும் இல்ல. கல்லும் மண்ணும் கலந்து கட்டி கட்டியா இருக்கற இடத்துல கை வைக்க மாட்டான், அது அதோட குணம்னு விட்டுடுவான். வழவழன்னு பட்டு மாதிரி இருக்கற சேத்துல ஒண்ணு ரெண்டு கல் துருத்திக்கிட்டு இருந்தாத்தான் அவனுக்குக் கண்ணை உறுத்தும். சின்ன இடுக்கியால எடுத்து, அதே குழாயோட ஓரத்து மண்ணால குழியை அடைச்சு, தகட்டால ஒரு இழுப்பு. பட்டாணி அளவு, பெரிசாப் போனா எலுமிச்சை அளவு. எடுத்த கல்லைச் சாக்கடை வாயில போட்டுத் தண்ணியை விட்டுடுவான். ரெண்டு பாதியோட முகத்துலயும் அப்படியேதான். அப்புறம் அவன் அறுத்த சேத்தோட ஃபோட்டோவை டைரக்டர் கூட்டத்துல காட்டினாராம், எல்லாரும் கை தட்டினாங்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்துல இருந்த சந்தோஷம் இன்னும் எனக்குக் கண்ணுல நிக்குது. நான் தெருவுக்கே சொன்னேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி சின்ன டாக்டர் வந்து சேர்ந்துச்சு. ஏற்கெனவே ஒரு பெரிய டாக்டரம்மா இருந்ததால இது சின்ன டாக்டர். ஆளும் சின்னதுதான். கடையில வாங்கற பேன்ட் எதுவும் அந்தப் பொண்ணுக்குச் சரியா வராது, எல்லாத்துக்கும் கீழே மடிப்பு வைக்கணும். தம்பி என்கிட்ட அனுப்பினான். வந்தா முக்காலியில உட்கார்ந்து பிஸ்கெட் தின்னுக்கிட்டே பேசும். என்னை அக்கான்னும் அவனை அண்ணேன்னும் கூப்பிடும். அவ்வளவு படிச்ச பொண்ணு, ஒரு நாள் கூட அவனை நீ வா போன்னு பேசினதில்ல.

சேறுன்னா என்னன்னு எனக்குப் புரிய வச்சது அந்தப் பொண்ணுதான். பனிக்கடலோட அடியில மண்ணு தானா சேர்றதில்லையாம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழியா வருதாம். நிலத்து மேல மலை மாதிரி கிடக்கற பனி கொஞ்சம் கொஞ்சமா நகரும்போது அடியில இருக்கற பாறையை மாவா அரைக்கும். உருகின தண்ணி அந்த மாவைக் கடலுக்குக் கொண்டு போகும், அது மெதுவாப் படிஞ்சா வழவழன்னு களிமண். வெயில் காலத்துல கடல் திறந்து கிடந்தா கண்ணுக்கே தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல பெருகிச் சாகும், அதுங்களுக்குக் கண்ணாடியில ஓடு, அது விழுந்தா வெளுத்த படிவு. மேலே பனி மூடிக்கிட்டு வெளிச்சம் போகலேன்னா அது வராது. அடியில ஓடுற நீரோட்டம் முறத்துல புடைக்கற மாதிரி மெல்லிசு மண்ணைத் தள்ளிட்டுப் பருமணலை விட்டுட்டுப் போகும். ஆழம் கம்மியான இடத்துல பெரிய பனிக்கட்டி தரை தட்டி உழுதுட்டுப் போகும். போதாததுக்குப் புழு வேற தோண்டிக் கலக்கும்.

"கல்லு?"ன்னு நான் கேட்டேன். அப்பதான் கேட்டேன், முதல் தடவையா.

கல்லுதான் அக்கா முக்கியம்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு. நடுக்கடலுக்குக் கல்லைக் கொண்டு போற சக்தி எந்தத் தண்ணிக்கும் இல்லையாம். நிலத்துப் பனியில சிக்கின கல், அந்தப் பனி உடைஞ்சு மிதந்து போகும்போது கூடவே போகும், பனி உருகினா கல் நேரா அடியில விழும். அதனால மெல்லிசு சேத்துல ஒரே ஒரு கல் இருந்தாலும் போதும், அன்னிக்குத் தலைக்கு மேல ஒரு பனிமலை மிதந்து போச்சுன்னு அர்த்தம். அந்தப் பொண்ணு எடுத்த குழாயில ஒரு கை நீளத்துக்குக் கல்லே இல்ல. மேலேயும் இருக்கு, கீழேயும் இருக்கு, நடுவுல மட்டும் ஒண்ணு கூட இல்ல. அப்படின்னா அந்தக் காலம் முழுக்க அந்தக் கடலுக்கு மேலே பனி அசையாம மூடி போட்ட மாதிரி கிடந்திருக்கு, ஒரு பனிமலையும் வெளியில வரலன்னு கண்டுபிடிச்சிருந்துச்சு. ஏழு வருஷ உழைப்பு. அதை வச்சுத்தான் அந்தப் பொண்ணுக்குப் பேரு, அதை வச்சுத்தான் அந்த வேலையே நிலைச்சுச்சு.

அன்னிக்கு அது பேசும்போது தம்பியும் அங்கேதான் இருந்தான், பிஸ்கெட் தட்டைப் பிடிச்சுக்கிட்டு. தட்டை வச்சுட்டு உள்ளே போயிட்டான். எனக்கு ஒண்ணும் தோணல. அவன் மனசுல அன்னிக்கே முள்ளு தைச்சிருக்கு.

போன வருஷம் வேற எங்கேயோ இருக்கற ஒரு கப்பல்காரங்க கிட்டத்தட்ட அதே இடத்துல குழாய் இறக்கி எடுத்தாங்க. அவங்ககிட்ட அறுக்காமலேயே குழாயை முழுசா எக்ஸ்ரே எடுக்கற மிஷின் இருக்காம். எடுத்துப் பார்த்தா அதே அடுக்குல கல். ஒண்ணு ரெண்டு இல்ல, நிறைய. மரியாதையா ஒரு கடிதம் எழுதிக் கேட்டாங்க, உங்க குழாயில இருந்த கல்லெல்லாம் எங்கேன்னு. இங்கே தொடாப் பாதியைத் திறந்து பார்த்தாங்க. கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு கல் இல்ல. பழைய ஃபோட்டோவைப் பார்த்தாங்க, அதுலயும் இல்ல. அப்போ என்ன அர்த்தம்? வேற ஏதோ இடத்துச் சேத்தை இந்த இடத்துச் சேறுன்னு சொல்லி, தன் கண்டுபிடிப்புக்கு ஏத்த மாதிரி அந்தப் பொண்ணு குழாயை மாத்தி வச்சிருக்குன்னு பேச்சு கிளம்பிடுச்சு, விசாரணை வைக்கறதுன்னும் முடிவாச்சு. பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க?

அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கே தம்பி வீட்டுக்கு வந்துட்டான். நான் ஒரு பாவாடைக்கு ஜிப் வச்சுக்கிட்டு இருந்தேன். வந்தவன் செருப்பைக் கழட்டாமலேயே முக்காலியில உட்கார்ந்தான். அதுவரைக்கும் அவன் செருப்போட உள்ளே வந்ததே இல்ல. எல்லாத்தையும் சொன்னான். எத்தனை வருஷமா, எந்த மாதிரிக் கல்லை, எப்படி அடைச்சான், எல்லாம். நாளைக்கு டைரக்டர்கிட்ட போய்ச் சொல்லிடப் போறேன்னான்.

நான் மிஷினை நிறுத்தினேன். "நீ எடுத்தேன்னு யாருக்குத் தெரியும்?"னு கேட்டேன்.

"எனக்குத் தெரியும்க்கா."

"உனக்குத் தெரிஞ்சது உன்னோடயே இருக்கட்டும். நுணலும் தன் வாயாலதான் கெடும். வாயை மூடிக்கிட்டு இரு."

அவன் வாதாடல. என்கிட்ட அவன் என்னிக்கும் வாதாடினதில்ல, நான் அப்படி வளர்த்து வச்சிருக்கேன். நான்தான் பேசிக்கிட்டே போனேன். அந்தப் பொண்ணு படிச்சது, எங்கே போனாலும் பிழைச்சுக்கும், உனக்கு இந்தக் கையை விட்டா என்னடா இருக்குன்னேன். விசாரணைன்னா நாலு கேள்வி கேட்டு விட்டுடுவாங்க, அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்கன்னேன். இதெல்லாம் அவன் நன்மைக்காகன்னு அன்னிக்கு நினைச்சேன். இப்போ யோசிச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. தெருவுல எல்லாரும் என்னைக் கம்பியண்ணனோட அக்கான்னு கூப்பிடறாங்க இல்ல, நான் அதைத்தான் காப்பாத்தினேன்.

மூணு பேர் விசாரிக்க வந்தாங்க. தம்பியையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. இந்தக் குழாயை அறுத்தப்போ இந்த இடத்துல கல் ஏதாவது பார்த்தீங்களான்னு ஒரே கேள்வி. இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டான். வீட்டுக்கு வந்து கை கழுவினான், கழுவினான், கழுவிக்கிட்டே இருந்தான். "போதும்டா, தண்ணியை மூடு"ன்னு கத்தினேன். மூடினான். எனக்குப் பழைய கோபம் எல்லாம் அவன் மேலதான் வந்துச்சு, என் மேல வரல. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அடுத்த வாரம் சின்ன டாக்டரே கடைக்கு வந்துச்சு. கையில ஒரு கறுப்புக் கோட்டு. விசாரணையில கடைசியா ஒரு தடவை நேர்ல போய் நிக்கணும், கோட்டு தொளதொளன்னு இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்கக்கான்னு கேட்டுச்சு. கோட்டு ஒண்ணும் பெரிசாகல, பொண்ணுதான் இளைச்சுப் போயிருந்துச்சு. கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டு இடுப்புல பிடிச்சுப் பார்த்தேன். சும்மா இருக்க முடியாம, விசாரணை எப்படிப் போகுதும்மான்னு அதுக்கு முன்னாடியே கேட்டு வச்சிருந்தேன்.

கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே சொல்லுச்சு. "அறுக்கும்போது கல் போயிருக்கலாமே, உங்க அறுக்கற ஆளு எப்படின்னு கேட்டாங்கக்கா. அதுக்கு வாய்ப்பே இல்ல, கம்பியண்ணன் கை அப்படிப்பட்டது இல்லன்னு சொல்லிட்டேன். அப்போ தப்பு உங்க பக்கம்னு ஆகுதேன்னாங்க. ஆமான்னுட்டேன். வேற என்ன சொல்ல?"

என் வாயில குண்டூசி இருந்துச்சு. அதனால பேச முடியலன்னு நான் யார்கிட்டயாவது சொன்னா நம்பாதீங்க. துப்பிட்டுப் பேசியிருக்கலாம். அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். நான் ஒவ்வொரு ஊசியா எடுத்து இடது பக்கம் அரை அங்குலம், வலது பக்கம் அரை அங்குலம் பிடிச்சுக் குத்தினேன். நாளைக்கு வாங்கிக்கோம்மான்னேன். மறுநாள் வந்து போட்டுப் பார்த்துட்டு, நல்லா இருக்குக்கான்னு சொல்லிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு தெருமுனை திரும்பற வரைக்கும் நான் தலையைத் தூக்கல.

ரெண்டு நாள் அதை மனசுலயே வச்சுக்கிட்டு இருந்தேன். என்னடா இது, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா இப்படித்தானா இருக்கும், தொண்டையிலேயே நிக்குதேன்னு இருந்துச்சு. மூணாம் நாள் காலையில தம்பி சட்டை மாட்டிக்கிட்டு இருக்கும்போது சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு உன் கைக்கு ஜாமீன் நின்னிருக்குடான்னேன். அவன் பட்டனைப் போடறதைப் பாதியில நிறுத்தினான். முதல் தடவையா என்னைப் பார்த்த பார்வையில கோபம் இருந்துச்சு. "இதை ரெண்டு நாளா வச்சிருந்தியா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான், செருப்பை மாட்டிட்டான். நான் கடையைச் சாத்திட்டு அவன் பின்னாடியே ஓடினேன். பஸ்ல அவன் ஒரு சீட்டு, நான் ஒரு சீட்டு.

டைரக்டர் அறையில அவன் நாலு வாக்கியத்துல எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டான். எனக்குத் தெரிஞ்சு அவன் அவ்வளவு அழகா எதையும் சொன்னதில்ல. நான்தான் இவனைச் சொல்ல விடாமத் தடுத்தேன்னு நானும் சொன்னேன். டைரக்டர் எங்க ரெண்டு பேரையும் திட்டல. நீங்க யாரும்மான்னு கேட்டார். அக்கான்னேன். அந்த அக்காங்கற வார்த்தை அன்னிக்கு என் வாயில வேப்பங்காயாக் கசந்துச்சு.

தொடாப் பாதியைத் துணி சுத்தி, ஒரு ஆஸ்பத்திரியோட ஸ்கேன் அறைக்கு எடுத்துட்டுப் போனாங்க. நோயாளி படுக்கற பலகையில சேத்தைப் படுக்க வச்சிருக்காங்க. அங்கே இருந்த ஆளு ஃபாரம் நிரப்பறதுக்காக, பேஷண்ட் வயசு என்னன்னு கேட்டானாம். பத்தாயிரத்துக்கு மேலன்னு யாரோ சொன்னாங்களாம். வேற சமயமா இருந்தா ஒரு வாரம் சிரிச்சிருப்போம். படத்துல எல்லாம் தெரிஞ்சுடுச்சு. அவன் கைக்கு எட்டாம உள்ளே தங்கிப்போன நாலு கல். கல் இருந்து அடைச்ச இடங்கள், ஒவ்வொண்ணும் தனியா, இருபத்திமூணு.

குழாயை யாரும் மாத்தலன்னு முடிவாச்சு. சின்ன டாக்டர் பொய் சொல்லலன்னு எல்லாருக்கும் எழுதி அனுப்பினாங்க. ஆனா கடலுக்கு மூடி போட்டிருந்த காலம்னு அது கண்டுபிடிச்சது? அது பொய்யாப் போச்சு. மூடியே இல்ல, பனிமலை போய்க்கிட்டுத்தான் இருந்திருக்கு. யாரும் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணே எழுதி அதைத் திரும்ப வாங்கிக்கிச்சு. தம்பி கையிலேருந்து கம்பியை வாங்கிட்டாங்க. இப்போ குளிர் அறையில குழாய்களுக்குப் புது லேபிள் ஒட்டறான். கம்பியண்ணன்னு யாரும் கூப்பிடறதில்ல, எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாம வேற எதுவும் சொல்லியும் கூப்பிடறதில்ல.

பத்து நாள் கழிச்சு ஒரு மத்தியானம் அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துச்சு. தம்பி லீவுல இருந்தான். திட்ட வந்திருக்குன்னு நினைச்சேன், திட்டினா நல்லா இருக்கும்னும் நினைச்சேன். அது அந்த ஸ்கேன் படத்தை வெட்டுற மேஜை மேல விரிச்சுச்சு. பக்கத்துல ஒரு நோட்டு, பென்சில். இருபத்திமூணு இடத்துக்கும் நம்பர் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு ஆழம்னு எழுதிக் கொண்டு வந்திருந்துச்சு.

"அண்ணே, ஒரு உதவி. ஒவ்வொரு கரையிலயும் பாறை வேற வேற. ஒரு கரையில சிவப்பு, ஒரு கரையில கறுப்பு, ஒரு கரையில வெள்ளை வெள்ளையாப் புள்ளி. கல்லோட நிறம் தெரிஞ்சா அந்தப் பனி எங்கேருந்து உடைஞ்சு வந்துச்சுன்னு சொல்லிடலாம். உள்ளே இருக்கற நாலு மட்டும் பத்தாது. நீங்க எடுத்ததுல கொஞ்சம் ஞாபகம் இருந்தாலும் போதும். ஏழு வருஷத்துல ஏதோ ஒண்ணு மிஞ்சும்."

தம்பி மேஜை கிட்ட வந்தான். அந்தப் பொண்ணு பென்சில் முனையை முதல் புள்ளியில வச்சுச்சு. "இது?"

அவன் குனிஞ்சு பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒரு சட்டையில அரை நூல் நீட்டினாலும் பத்தடி தள்ளி நின்னு கண்டுபிடிக்கறவன். எத்தனையோ ஆயிரம் வருஷம் கடல் அடியில கிடந்த கல்லை இடுக்கியில பிடிச்சுத் தூக்கினவன். "கவனிக்கலம்மா"ன்னான். "எடுத்தா சேறு வழவழன்னு வந்துடும்னு மட்டும்தான் பார்த்தேன்."

அந்தப் பொண்ணு நோட்டுல முதல் நம்பருக்கு நேரா என்னவோ எழுதுச்சு. பென்சிலை ரெண்டாவது புள்ளிக்கு நகர்த்துச்சு. "இது?"

"தெரியலம்மா."

விட்டுடும்னு நினைச்சேன். போதும்மா, விட்டுடும்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா அந்த வீட்ல நான் சொன்னதெல்லாம் போதும்னு தோணுச்சு. அது மூணாவதைக் கேட்டுச்சு, நாலாவதைக் கேட்டுச்சு. கோபமே இல்ல குரல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரே மாதிரி பொறுமையாக் கேட்டுச்சு, ஒவ்வொண்ணுக்கும் அவன் குனிஞ்சு நிஜமாவே யோசிச்சுப் பார்த்தான். பதினஞ்சுக்கு மேல தலையை மட்டும் ஆட்டினான். நான் மேஜையோட இந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் பார்த்தேன். நோட்டுல தலைகீழாத் தெரிஞ்சாலும் படிக்க முடிஞ்சுது. இருபத்திமூணு ஆழம், ஒவ்வொரு ஆழத்துக்கும் நேரா "நிறம் தெரியாது". ஒரு வரியைக் கூட அந்தப் பொண்ணு காலியா விடல.